கோட்டையின் பெயர் தாங்கிய கப்பல்

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று அடங்கிவிட்ட கிடங்கில், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனின் ஊர். அவன் ஆண்ட ஓய்மாநாட்டுக்கு எயிற்பட்டினம் என்ற கடற்கரைப் பட்டினமும் இருந்தது. மரக்காணமே அந்தப் பட்டினம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நாம் பொதுவாக ஏரிப்பாசனத்தோடும் மல்லாட்டை மூட்டைகளோடும் நம்மை இணைத்துப் பார்க்கிறோமே ஒழிய, கடலோடு இணைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் நமது பழைய இலக்கியம் நம்மைக் கடலோர மக்களாகவே அறிந்திருக்கிறது.

அந்த இலக்கியத்தில் கப்பலும் சரக்கும் பெருமைக்குரிய பொருள்கள். பட்டினப்பாலை புகாரின் தெருக்களை வருணிக்கையில் கடல் கடந்து வந்த குதிரையையும், மிளகுப் பொதியையும், மலைப் பொன்னையும், ஈழத்து உணவையும் வரிசைப்படுத்துகிறது. சுங்க அதிகாரிகள் புலிச் சின்னம் பொறித்து மூட்டைகளை அனுப்புவதையும் காட்டுகிறது. அந்தப் புலிச் சின்னத்துக்கு ஒரு பொருள் உண்டு. மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று அரசு அறிந்திருக்கிறது, அதற்கு அரசு பொறுப்பேற்கிறது என்பதே அது. இந்த எண்ணத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் ஒரு சரக்குக் கப்பலைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். அதன் சரக்கில் பொன்னும் இருந்தது, பஞ்சும் இருந்தது, ஒரு நகரத்தையே எரிக்கப் போதுமான வெடிமருந்தும் இருந்தது. இவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத்தான் உரிய நேரத்தில் விடை கிடைக்கவில்லை.

எங்கள் வட்டாரத்து முதியவர்களின் பேச்சில் போர் என்றால் இரண்டு நினைவுகளே வரும். ஒன்று எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. அந்தக் கப்பலின் பெயர் தமிழில் ஒரு வசைச்சொல்லாகவும் பாராட்டுச் சொல்லாகவும் ஒரே சமயத்தில் நிலைத்துவிட்டது. மற்றொன்று 1942 ஏப்ரல். அந்த மாதம் 5ஆம் தேதி கொழும்பிலும், 6ஆம் தேதி காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே இறங்கும் மீட்டர் கேஜ் பாதையே தென்மாவட்டங்களுக்குச் செல்வோரின் முதன்மையான வழியாக இருந்தது.

இவ்விரண்டிலும் ஆபத்து பகைவனிடமிருந்து வந்தது. கொடியும் சீருடையும் அணிந்து, கடலின் மறுகரையிலிருந்து வந்தது. நாம் சொல்ல எடுத்துக்கொண்ட கப்பலோ நட்புக் கொடியோடு வந்தது. நமது துறைமுகத்தில், நமது தொழிலாளர்கள் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கையிலேயே அது வெடித்தது. போரின் ஆண்டுகளில் இந்திய நகரம் ஒன்று ஒரே நாளில் கண்ட அழிவுகளில் இதற்கு இணையானது அரிது. அந்தக் கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிகீன். இடம் பம்பாயின் விக்டோரியா கப்பல்துறை. நாள் 1944 ஏப்ரல் 14.

*

ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. மூழ்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் கப்பல் கட்டினால்தான் பிரிட்டன் தாக்குப்பிடிக்க முடியும் என்ற நிலை. அமெரிக்காவில் லிபர்ட்டி வகைக் கப்பல்கள் பிறந்ததைப் போலக் கனடாவில் 'ஃபோர்ட்' வரிசைக் கப்பல்கள் பிறந்தன. கோட்டைகளின் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினார்கள். அழகோ வேகமோ இவற்றின் நோக்கம் அன்று. ஏறத்தாழப் பத்தாயிரம் டன் சரக்கைச் சுமந்துகொண்டு மணிக்குச் சுமார் 11 கடல்மைல் ஊர்ந்து சென்றால் போதும்.

ஃபோர்ட் ஸ்டிகீன் 1942இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரின்ஸ் ரூப்பர்ட் நகரில் கட்டப்பட்டது. 7,142 டன் கொள்ளளவு கொண்ட இக்கப்பல் குத்தகை உதவித் திட்டத்தின் கீழ்ப் பிரிட்டனின் போர்ப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு வந்தது. இதன் கடைசிப் பயணத்தின் தலைவர் அலெக்சாண்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து அது புறப்பட்டது. 1,395 டன் வெடிபொருள்கள் அதில் இருந்தன. டார்பிடோக்கள், கடல் கண்ணிவெடிகள், பீரங்கிக் குண்டுகள் எனக் கடற்படைக்கும் தரைப்படைக்கும் வேண்டிய எல்லாம் அதில் அடக்கம். இவற்றுள் 238 டன், சிறிது சூடேறினாலும் வெடிக்கக்கூடிய 'ஏ' வகை. போர் விமானங்களும் ஏற்றப்பட்டிருந்தன. இவற்றோடு, இந்திய ரூபாயின் மதிப்பைத் தாங்குவதற்கென அனுப்பப்பட்ட தங்கக் கட்டிகள், 31 பெட்டிகளில், பெட்டிக்கு நான்காக. அன்றைய மதிப்பில் அவை சுமார் 8,90,000 பவுண்டு.

ஜிப்ரால்டர், போர்ட் சயீது வழியாகக் கப்பல் கராச்சியை அடைந்தது. அங்கே சரக்கின் ஒரு பகுதி இறங்கியது. காலியான இடத்தில் வேறு சரக்கு ஏறியது. சுமார் 8,700 பொதி பஞ்சு, மசகெண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு, மீன் உரம். போர்க்காலத்தில் ரயில்கள் படைகளுக்கே போதாதிருந்தமையால் சிந்து, பஞ்சாப் பகுதிகளின் பஞ்சு பம்பாய் ஆலைகளுக்குக் கடல்வழியே செல்ல நேர்ந்தது. பஞ்சும் எண்ணெயும் வெடிமருந்தும் ஒரே கப்பலில். எதை எதன் அருகில் வைக்கலாகாது என்று ஒரு சமையற்கட்டுக்குக் கூட விதி இருக்கிறது. நெய்ஸ்மித் இந்தக் கலவைக்கு மறுப்புத் தெரிவித்தார். மறுப்பு பதிவாயிற்று, பஞ்சும் ஏறிற்று. போர்க்காலத்தில் காலி இடம் ஒரு குற்றம். அந்த ஒரு கணக்கின் முன் ஏனைய கணக்குகள் எல்லாம் பின்வாங்கின.

*

சித்திரை பிறக்கவிருந்த நேரம். ஏப்ரல் 12 அன்று கப்பல் பம்பாயை அடைந்து விக்டோரியா கப்பல்துறையின் முதலாம் எண் நிறுத்துமிடத்தில் கட்டப்பட்டது. ஆபத்தான சரக்கு ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது கடலுலகம் முழுவதும் அறிந்த மரபு. ஃபோர்ட் ஸ்டிகீன் அதை ஏற்றவில்லை. போர்க்காலத்துத் துறைமுகத்தில் ஏறத்தாழ எல்லாக் கப்பலும் வெடிமருந்தோடு வருவதால், கொடி ஒரு வெற்றுச் சடங்கு போல ஆகிவிட்டிருந்தது. ஆபத்து அன்றாட வழக்கமாகிவிடும் இடத்தில் எச்சரிக்கை மரியாதை இழந்துவிடுகிறது.

வெடிபொருள்களை நேராகக் கரையில் இறக்கக் கூடாது, படகுகளில் மாற்றிக் கொண்டுசெல்ல வேண்டும். படகுகளும் ஏற்பாடுகளும் தாமதமாயின. இரண்டு நாட்களில் இறங்கியவற்றுள் நாற்றமெடுத்த மீன் உரமும் பொதுச் சரக்கும் உண்டு. வெடிமருந்தின் பெரும்பகுதி கப்பலிலேயே இருந்தது.

14ஆம் தேதி வெள்ளிக்கிழமை. நண்பகலுக்குச் சற்றுப் பின், கப்பலின் காற்றுக்குழாய் ஒன்றிலிருந்து மெல்லிய புகை எழுவதை அருகிலிருந்த கப்பல்களில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அவரவர் எண்ணிக்கொண்டார்கள். உணவு இடைவேளை முடிந்து தொழிலாளர்கள் இரண்டாம் எண் சரக்கறைக்குத் திரும்பியபோதுதான் தீ எனத் தெரிந்தது. அப்போது மணி ஏறத்தாழ இரண்டு. பஞ்சுப் பொதிக்குள் தீ எப்படிப் புகுந்தது என்பது முடிவாக நிறுவப்படவில்லை. அணைக்கப்படாத பீடியோ சிகரெட்டோ காரணம் என்ற ஊகம் பரவலாகப் பேசப்பட்டது. பெயர் தெரியாத கூலியாளின் தலையில் பழியை ஏற்றுவது எந்தக் காலத்திலும் எளிது.

தீயணைப்புப் படையின் இரண்டு வண்டிகள் முதலில் வந்தன. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்த பிறகே கூடுதல் வண்டிகள் விரைந்தன. சுமார் 900 டன் தண்ணீர் சரக்கறைக்குள் பாய்ச்சப்பட்டது. இறுகக் கட்டிய பஞ்சுப் பொதி வெளியே நனையும், உள்ளே கனலும். நமது ஊர்களில் வைக்கோற்போர் எரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் உயர உயர, மிதக்கும் பொதிகள் தீயைத் தூக்கிக்கொண்டு மேலேறின. கப்பலைச் சுற்றியிருந்த நீர் கொதிக்கத் தொடங்கியது. கப்பலின் இரும்புப் பக்கம் சிவந்து, வண்ணப்பூச்சு கொப்பளித்தது.

தளத்தின் மேல் மூன்று கருத்துகள் மோதிக்கொண்டிருந்தன. படைத்தளவாட அதிகாரி கேப்டன் ஓபர்ஸ்ட், கப்பலை அங்கேயே மூழ்கடிக்க வேண்டும் என்றார். மூழ்கடிக்கப் போதிய ஆழம் அங்கில்லை. துறைமுகப் பொது மேலாளர் கர்னல் சாட்லர், கடலுக்கு இழுத்துச் சென்றுவிட வேண்டும் என்றார். தீயணைப்புப் படைத் தலைவர் நார்மன் கூம்ஸ், இன்னும் தண்ணீர் பாய்ச்சினால் அணைத்துவிடலாம் என்று நம்பினார். கப்பலின் தலைவர் நெய்ஸ்மித் இவர்களுக்கு நடுவே நின்றார். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இது என் முடிவு, இதற்கு நான் பொறுப்பு என்று சொல்லும் அதிகாரம் மட்டும் எவர் ஒருவரிடமும் இல்லை. பிரிட்டிஷ் அமைச்சகத்தின் கப்பல், படையின் வெடிமருந்து, துறைமுக நிர்வாகத்தின் தண்ணீர், வணிகர்களின் பஞ்சு, நகராட்சியின் தீயணைப்பு வீரர்கள். ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்தளிக்கப்பட்ட பொறுப்பு, தேவைப்பட்ட நேரத்தில் எவர் கையிலும் இல்லாமல் போயிற்று.

பிற்பகல் 3:50க்குக் கப்பலை விட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தது. தீயணைப்பு வீரர்கள் குழாய்களை விடவில்லை. 4:06க்கு முதல் வெடிப்பு. கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. அருகில் நின்ற ஜலபத்மா என்ற கப்பல் தூக்கி எறியப்பட்டுக் கரையின் மேல் விழுந்தது. சுமார் 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவிலிருந்த நிலநடுக்கமானி இந்த அதிர்வைப் பதிவு செய்தது. அரைமணி நேரத்துக்குள் மீதமிருந்த வெடிமருந்தும் வெடித்தது. முதல் வெடிப்பில் தப்பியவர்களை மீட்க ஓடி வந்தவர்கள் இரண்டாவதில் சிக்கினார்கள்.

எரியும் பஞ்சு வானிலிருந்து மழையாக இறங்கியது. துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளும் குடிசைகளும் பற்றின. பதின்மூன்று கப்பல்கள் அழிந்தன. இறந்தோர் தொகை 800 முதல் 1,300 வரை எனப் பலவாறாகச் சொல்லப்படுகிறது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். நெய்ஸ்மித்தும் திரும்பவில்லை. 80,000 பேர் வீடிழந்தனர். 50,000 டன்னுக்கும் மேற்பட்ட உணவு தானியம் எரிந்து போயிற்று. வங்கத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதை நினைத்தால், அந்தத் தானியப் புகையின் கனம் நமக்கு விளங்கும். தீயை அடக்க மூன்று நாட்கள் ஆயின. ஏறத்தாழ 8,000 பேர் ஏழு மாதம் உழைத்து ஐந்து இலட்சம் டன் இடிபாடுகளை அகற்றினர்.

*

இதன் பிறகு நேர்ந்தது மௌனம். ஜப்பானிய விமானங்கள் வந்துவிட்டன என்றே நகர மக்கள் பலர் நம்பினர். அவ்வாறில்லை என்று விளக்க வேண்டிய அரசு செய்திக்குத் தடை விதித்தது. வெடிப்புக்கு மறுநாளே ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி விவரங்களோடு செய்தியை ஒலிபரப்பிவிட்டது. பகைவன் அறிந்துவிட்ட செய்தியை, இறந்தவர்களின் நாட்டு மக்கள் அச்சில் படிக்க மே மாதத்தின் இரண்டாம் வாரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'டைம்' இதழ் மே 22 இதழில்தான் எழுதியது. தணிக்கை யாரிடமிருந்து எதை மறைத்தது என்ற கேள்வி இன்றும் கேட்கத்தக்கது.

விசாரணைக் குழு அமர்ந்தது. பஞ்சை வெடிமருந்துக்குக் கீழே அடுக்கியது, சிவப்புக் கொடி ஏற்றாதது, வெடிபொருள்களை இறக்கத் தாமதித்தது, சரக்கறைக்குள் நீராவியைச் செலுத்தித் தீயை அடக்க முயலாதது, தீயணைப்புப் படைக்குத் தாமதமாகச் சொன்னது எனப் பிழைகளைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் பகைவனின் கை இல்லை. ஒவ்வொன்றும் ஓர் அலுவலக மேசையிலோ ஒரு கப்பல் தளத்திலோ நிகழ்ந்த சிறு விட்டுக்கொடுத்தல். இழப்பீட்டுக்கென அரசு அந்த ஆண்டே அவசரச் சட்டம் இயற்றியது. கணக்கேட்டில் பதிவான கிடங்குக்கும் சரக்குக்கும் இழப்பைக் கணக்கிடுவது எளிது. அன்றாடக் கூலிக்குத் துறைமுக வாசலில் நின்று, பெயர்ப் பதிவே இல்லாமல் உள்ளே போனவனின் உயிருக்குக் கணக்கு ஏது? இறந்தோர் தொகை இன்றும் 800க்கும் 1,300க்கும் இடையே ஊசலாடுவதற்கு அந்தப் பெயரின்மையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. கப்பல்துறைத் தொழிலாளர்களின் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் விடுதலைக்குப் பின், 1948இல்தான் வந்தது.

பொன்னைத் தேடும் முயற்சி மட்டும் சளைக்கவில்லை. வெடிப்பில் வானில் பறந்த தங்கக் கட்டி ஒன்று துறைமுகத்துக்கு வெகுதொலைவில் ஒரு வீட்டின் தாழ்வாரத்தைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. வீட்டுக்காரர் அதை அரசிடம் ஒப்படைத்தார். கப்பல்துறையைத் தூர்வாரும்போதெல்லாம் கட்டிகள் கிடைத்தன. பல பத்தாண்டுகள் கழித்தும் ஒன்றிரண்டு அகப்பட்டன. 2011இல் வெடிக்காத பீரங்கிக் குண்டு ஒன்றும் சேற்றிலிருந்து வெளிப்பட்டது. பொன்னையும் குண்டையும் கடல் திருப்பித் தந்தது.

*

இவ்வகைக் கப்பல்களின் வரலாறு பம்பாயோடு தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் மோன்-பிளான் மற்றொரு கப்பலோடு மோதி வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். பம்பாய் வெடிப்புக்கு மூன்று மாதம் கழித்து, 1944 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோவில் அமெரிக்கக் கடற்படைக்கு வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் 320 பேர் இறந்தனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். அதே நிலையில் மீண்டும் ஏற்ற மறுத்த 50 பேரைக் கலகக்காரர் என்று படை நீதிமன்றம் தண்டித்தது. அந்தத் தீர்ப்பை அமெரிக்கக் கடற்படை நீக்கியது சரியாக எண்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 17 அன்று. பம்பாயில் ஒரு பீடி, போர்ட் சிகாகோவில் ஒரு கலகம். இரண்டு இடத்திலும் விரல் கீழ்நோக்கியே நீண்டது.

போர் முடிந்தும் பாடம் முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தச் செய்தி வந்த ஓரிரு நாட்களில், சென்னை மணலி அருகே சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய சுமார் 700 டன் அதே பொருள் ஐந்து ஆண்டுகளாகக் கிடப்பது நினைவுக்கு வந்தது. அவசர அவசரமாக அதை ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். பெய்ரூட் வெடித்திராவிட்டால் அது இன்னும் எத்தனை நாள் கிடந்திருக்கும்? அங்கும் புலிச் சின்னம் பொறித்தாகிவிட்டது, அதாவது முத்திரை இருந்தது, கோப்பும் இருந்தது. முத்திரைக்குப் பின்னால் நிற்க வேண்டிய பொறுப்புதான் தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போரைத் தமிழில் வாழ்ந்து எழுதியவர் என்று ப. சிங்காரத்தைச் சொல்லலாம். 1972இல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி' தென்கிழக்காசியத் துறைமுகங்களில் தமிழன் கண்ட போரை நம் மொழிக்குக் கொண்டுவந்தது. அந்நாவலை விரும்பிப் படிக்கும் நண்பர்கள், அதே போர் இந்தியத் துறைமுகம் ஒன்றில் இட்ட தீயையும் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். போர் என்பது களத்தில் நிகழ்வது மட்டும் அன்று. அது சரக்குப் பட்டியலிலும் நிகழ்கிறது. எதை எதன் மேல் அடுக்குவது, எந்தக் கொடியை ஏற்றாமல் விடுவது, யாருடைய மறுப்பைப் பதிவு செய்துவிட்டு மறந்துவிடுவது என்பவற்றிலும் நிகழ்கிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. நமது ஊர்களிலும் பள்ளிகளுக்கும் சந்தைகளுக்கும் தீயணைப்பு வீரர்கள் வந்து செயல்விளக்கம் காட்டுவதையும் துண்டறிக்கை கொடுப்பதையும் பலரும் பார்த்திருக்கலாம். சித்திரைப் பிறப்பின் கொண்டாட்டத்தோடு அது கலந்து கரைந்துவிடுகிறது. அந்தத் தேதி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்டால், விக்டோரியா கப்பல்துறையில் குழாயைக் கையிலிருந்து விடாமல் நின்ற 66 பேரே விடை. அவர்களில் எவரும் அந்தச் சரக்கை ஏற்றியவர் அல்லர், எவரும் அந்தக் கொடியை மறந்தவர் அல்லர். அடுத்த முறை அத்துண்டறிக்கை கைக்கு வரும்போது அவர்களை ஒரு கணம் எண்ணிக்கொள்வது நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய கடன்.